தை மாதத்து விருந்தாளிகளும் வேட்டங்குடிக் கண்மாயும்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

தை பிறந்துவிட்டால் நம்ம செட்டிநாட்டில் எந்த வீட்டைப் பார்த்தாலும் ஆட்கள் நிறைந்திருப்பார்கள். சென்னையிலிருந்தும் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தும் கல்யாணத்துக்கு வந்தவர்கள் பிள்ளையார்பட்டியில் கும்பிட்டு, குன்றக்குடி மலையேறி, ஆத்தங்குடியில் டைல்ஸ் செய்வதை வேடிக்கை பார்த்து முடித்த பிறகு, யாராவது ஒருவர் சொல்வார்: "வேட்டங்குடிக்குப் போனா பறவை பார்க்கலாமே, கிளம்புவோமா?" உடனே வேன் பிடித்துவிடுவார்கள். போகட்டும், நல்ல காரியம்தான். நான் இன்று பேச வந்தது அவர்களிடம் இல்லை, அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற நம்மிடம். வெளியூரிலிருந்து வருகிறவருக்கு அந்தக் கண்மாயில் அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாது. நமக்குத் தெரியும், தெரிந்திருக்க வேண்டும்.

நம்ம சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரிலிருந்து மேலூர் போகும் சாலையில் இருக்கிறது வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள் சேர்ந்ததுதான் அது. 1977ல் சரணாலயமாக அறிவித்தார்கள். மொத்தப் பரப்பே 38.4 ஹெக்டேர், நம்ம கணக்கில் சுமார் 95 ஏக்கர். முதுமலை மாதிரி பெரிய காட்டில் ஒரு ஓரத்தில் சத்தம் கேட்டால் விலங்கு இன்னொரு பக்கம் ஒதுங்கிப் போய்விடும். இங்கே ஒதுங்குவதற்கு இடம் ஏது? ஒரு கரையில் ஹாரன் அடித்தால் எதிர்க்கரையில் இருக்கிற கூடு வரைக்கும் கேட்கும். இங்கே இருக்கிற ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் அடியில் இருப்பது இந்த ஒரு விஷயம்தான் என்று எனக்குப் படுகிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்ததும் தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்களில் பறவைகள் வந்து இறங்கும். நத்தைகுத்தி நாரை, வக்கா, நீர்க்காகம், கொக்கு, அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா எல்லாம் குச்சி பொறுக்கிக் கூடு கட்டி, முட்டை வைத்து, அடைகாத்து, குஞ்சு பொரித்து வளர்ப்பது கிட்டத்தட்ட நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைக்கும் நடக்கும். நம்ம வீட்டில் கல்யாணக் கூட்டம் கூடுகிற அதே தை மாதத்தில்தான் அங்கே மரத்துக்கு மரம் குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு இருக்கும்.

இப்போது ஒரு கூட்டை மட்டும் கிட்டே போய்ப் பார்ப்போம், மனசால்தான். நத்தைகுத்தி நாரையின் கூடு. பார்த்தால் நாலு குச்சியைத் தாறுமாறாகப் போட்ட மாதிரி ஒரு மேடை, அதற்குமேல் பொரித்துச் சில நாளே ஆன இரண்டு மூன்று குஞ்சுகள். உடம்பில் சரியாக இறகு கிடையாது. வெயில் ஏறினால் தாயோ தந்தையோ சிறகை விரித்துக் குடை பிடித்த மாதிரி நிற்கும். அலகில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சுகள் மேல் ஊற்றுவதும் உண்டு. கரையில் ஒருவர் "ஏய், அங்க பாரு" என்று கத்திக் கையைத் தட்டினால் அந்தப் பறவை எழுந்து பறக்கிறது. கூட்டமாகப் பறக்கும்போது பார்க்க அழகாக இருக்கும், செல்போனில் வீடியோ நன்றாக வரும். ஆனால் கூட்டில் குடையில்லை. பதினொரு மணி வெயில் அந்தப் பிஞ்சுத் தோலில் நேராக விழுகிறது. பக்கத்து மரத்தில் காத்திருக்கிற காகத்துக்கு முட்டையைத் தூக்க ஒரு நிமிஷம் போதும். கொஞ்சம் வளர்ந்த குஞ்சாக இருந்தால் மிரண்டு நகர்ந்து தண்ணீரில் விழும். நாரை, கொக்கு, நீர்க்காகக் குஞ்சுகளுக்கு இன்னொரு பழக்கம், பயந்தால் தின்றதையெல்லாம் கக்கிவிடும். தாய் எங்கெங்கோ வயல் வயலாகத் தேடிக் கொண்டுவந்த மீனும் தவளையும் வீணாகப் போய்விடும், அந்தக் குஞ்சு அன்றைக்கு அந்த வேளைப் பட்டினிதான்.

அதனால்தான் சொல்கிறேன், பறவையைப் பறக்க வைத்துப் பார்ப்பது பறவை பார்ப்பதே இல்லை. கல்லெறிவது, விசில் அடிப்பது, பட்டாசு வெடிப்பது எல்லாம் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். காரில் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு கரை வரைக்கும் வருவதும் அதே தப்புதான். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். கண்காணிப்புக் கோபுரமும் நடக்கிற பாதையும் எதுவரை விட்டிருக்கிறார்களோ அதுவரைக்கும்தான் போக வேண்டும், கரையிலிருந்து இறங்கி மரத்தருகே போவது எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். பளிச்சென்ற சிவப்பு, வெள்ளைச் சட்டையைத் தவிர்த்துவிட்டு மங்கலான நிறத்தில் உடுத்திப் போனால் பறவைகள் அவ்வளவாக மிரளாது. வளர்க்கிற நாயை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள், அது எவ்வளவு சாதுவாக இருந்தாலும் சரி.

சாப்பாட்டு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டிலிருந்து கிளம்பினால் கூடையில் முறுக்கும் சீடையும் பிரியாணிப் பொட்டலமும் இல்லாமல் யார் வருவார்கள்? திருப்பத்தூரிலேயே எங்காவது உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கண்மாய்க் கரையில் சிந்துகிற சோற்றுக்குக் காகமும் தெருநாயும் வரும், நீங்கள் போன பிறகும் நிற்கும், நின்றால் அடுத்து அவை தேடுவது முட்டையையும் விழுந்த குஞ்சையும்தான். பிளாஸ்டிக் பையைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. அடுப்பு மூட்டுவது, சிகரெட்டை அணைக்காமல் போடுவது இரண்டும் சட்டப்படியே குற்றம்.

சட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது. 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்று எதைச் சொல்கிறது தெரியுமா? துப்பாக்கி எடுத்துச் சுடுவதை மட்டும் இல்லை, பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அதற்குள் வரும். சரணாலயத்துக்குள் விலங்கைச் சீண்டுவதும் குப்பை போடுவதும்கூட அந்தச் சட்டத்தில் தனியாகத் தடுக்கப்பட்டிருக்கிறது. அனுமதி இல்லாமல் உள்ளிருந்து எதையும் எடுத்துக்கொண்டு போகவும் கூடாது. பிள்ளைகள் கீழே கிடக்கிற இறகைப் பொறுக்கினால் பார்த்துவிட்டு அங்கேயே வைக்கச் சொல்லுங்கள்.

படம் எடுக்கிறவர்கள் இப்போது நிறைய வருகிறார்கள், அதில் ரொம்ப அக்கறையானவர்களும் உண்டு. அவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஃபிளாஷ் வேண்டாம். டிரோன் வேண்டவே வேண்டாம், மேலேயிருந்து வருகிற எதுவும் அந்தப் பறவைக்குப் பருந்துதான். போனில் பறவைக் குரலைப் போட்டு வரவழைப்பதும் வேண்டாம், அடைகாக்கிற பறவை எதிரி வந்துவிட்டதாக நினைத்து அலையும். மறைக்கிற கிளையை ஒடித்துவிட்டுக் கூட்டைப் படமெடுப்பது எனக்குப் பொறுக்கவே பொறுக்காது. அந்தக் கிளை அங்கே நிழலுக்கு இருக்கிறது.

குஞ்சு கீழே விழுந்து கிடந்தால்? கையில் எடுக்காதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள், வீட்டுக்குக் கொண்டு போகவே போகாதீர்கள். காவலரிடம் இடத்தைக் காட்டிச் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள்.

இவ்வளவு கறாராகப் பேசுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கண்மாயைச் சுற்றியிருக்கிற கிராமத்து மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, பல பத்து வருஷமாக. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும்கூட அப்படியே. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் மத்தாப்பு, சரவெடி மேல் ஆசை இருக்காதா? இருந்தும் விட்டுக்கொடுக்கிறார்கள். வனத்துறையினர் தீபாவளிக்கு அவர்களுக்கு இனிப்பு கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீர் பயிருக்கு நல்லது, நத்தைகுத்தி வயலில் நத்தையைத் தின்னும், ஆக அவர்களுக்கு ஆதாயமும் உண்டுதான். ஆனாலும் ஆதாயத்துக்காக மட்டும் ஒரு ஊரே இத்தனை வருஷம் பண்டிகையைச் சத்தமில்லாமல் கொண்டாடாது. அவர்கள் வருஷம் முழுக்கக் காத்து வைத்த அமைதியை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேனில் வந்த நாம் கெடுத்துவிட்டுப் போவது நியாயமே இல்லை.

கிளம்புவதற்கு முன்னால் கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா, பறவை இறங்கியிருக்கிறதா என்று அந்தப் பக்கம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், மழை பொய்த்த வருஷம் கண்மாய் வெறுமனே கிடக்கும். காலையில் விடிந்ததும் போங்கள், இல்லையென்றால் நாலு மணிக்கு மேல் போங்கள். உச்சி வெயிலில் உங்களுக்கும் கஷ்டம், கூட்டுக்கும் கஷ்டம். பைனாகுலர் இருந்தால் கட்டாயம் எடுத்துப் போங்கள், ஒரு குடும்பத்துக்கு ஒன்று இருந்தால் போதும், மாற்றி மாற்றிப் பார்க்கலாம். பிள்ளைகளை வேனிலிருந்து இறக்குவதற்கு முன்னாலேயே இதையெல்லாம் சொல்லிவிடுங்கள், கரையில் நின்று அதட்டினால் அதுவும் ஒரு சத்தம்தானே. அவர்களுக்கு ஒரு வேலையும் கொடுங்கள். வளர்ந்த நத்தைகுத்தியின் அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும், குஞ்சுக்கு அது இருக்காது, வயது ஏற ஏறத்தான் வரும். பைனாகுலரில் பார்த்து எது பெரியது, எது இந்த வருஷத்துக் குஞ்சு என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். நன்றி, வணக்கம்.