கடலில் நிற்கும் வரிசை

வணக்கம் நேயர்களே. ஒரு கணக்கு சொல்கிறேன். சராசரியாக 6 மணி நேரத்துக்கு ஒரு கப்பல் வருகிறது. சரக்கு ஏற்ற 5 மணி நேரம். ஏற்றுமிடம், துறைமுகத்தார் பெர்த் என்பார்கள், அது ஒன்றே ஒன்று. கப்பல் காத்திருக்குமா?

"ஒரு மணி நேரம் மிச்சமே இருக்கிறதே, ஏன் காத்திருக்கணும்?" ஒரு கூட்டத்தில் ஓர் அதிகாரி என்னிடம் இப்படித்தான் கேட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஜன்னலுக்கு வெளியே நாலு கப்பல் நங்கூரம் போட்டு நிற்கிறது!

பையிலிருந்து பகடையை எடுத்தேன். எப்போதும் வைத்திருப்பேன், வீட்டில் அதற்குக் கேலி தனி. ஒரு உருட்டல் ஒரு மணி நேரம். ஒன்று விழுந்தால் கப்பல் வந்தாச்சு. அவரையே உருட்டச் சொன்னேன். பத்து தடவை உருட்டியும் ஒன்று விழவில்லை. பெர்த் காலி. "பார்த்தீர்களா!" என்று சிரித்தார். அடுத்த நாலு உருட்டலில் மூன்று தடவை ஒன்று விழுந்தது. மூன்றாவது கப்பல் எப்போது பெர்த்துக்கு வரும் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். சிரிப்பு நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். காலியாகக் கிடந்த அந்தப் பத்து மணி நேரத்தை உண்டியலில் போட்டுவைத்து, கூட்டம் வரும்போது எடுத்துச் செலவழிக்க முடியாது. போனது போனதுதான். சராசரி இதைச் சொல்லாது. திரும்பவும் சொல்கிறேன், சராசரி இதைச் சொல்லவே சொல்லாது.

இதே பகடையைக் கம்ப்யூட்டர் லட்சக்கணக்கில் உருட்டினால் அதுதான் சிமுலேஷன். விடை என்ன தெரியுமா? ஒரு கப்பல் சராசரியாக 10 மணி நேரம் காத்திருக்கும். ஏற்றும் நேரத்தை 5லிருந்து 4 ஆக்குங்கள், காத்திருப்பு 3 மணி நேரமாகிவிடும். ஒரு மணி நேரம் குறைத்ததற்கு ஏழு மணி நேர லாபம்! டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், கட்டுபவர்களுக்கு இதன் அருமை புரியும்.

1909இலேயே டென்மார்க்கில் எர்லாங் என்பவர் தொலைபேசி அழைப்புகளுக்கு இந்த வகைக் கணக்கைப் போட்டுவிட்டார். அவருக்குப் புயல் இல்லை, ஓதம் இல்லை, இழுவைப் படகுக்குக் காத்திருப்பதும் இல்லை. அவையெல்லாம் சேர்ந்தால் சூத்திரம் திணறும், பகடை திணறாது. அதைத்தான் விரிவாகச் சொல்ல வந்தேன், கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். வீட்டில் உருட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒன்று மட்டும்: காலித் துறைமுகத்தோடு தொடங்கும் ஆரம்ப உருட்டல்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவை காத்திருப்பைக் குறைத்துக் காட்டும். வணக்கம்.