கொடை பிறவிக் குணமா?

(வட சென்னை வியாசர்பாடியில் நடந்த ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் கரகரக்கிறது, கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? சரி.

சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். ஔவையார் பாட்டு, நம் எல்லாருக்கும் மனப்பாடம். அதுவரை எனக்குத் தகராறு இல்லை. அந்த வெண்பா முடிகிற இடத்தில், நட்பும் தகையும் கொடையும் பிறவிக் குணம் என்கிறாள் கிழவி. அங்கேதான் அவளோடு எனக்குச் சண்டை.

இந்தப் 'பிறவிக் குணம்' என்ற பேச்சால் அதிகம் அடிபட்டவர்கள் நாம்தானே? வேலை கேட்டுப் போன இடத்தில் வியாசர்பாடி என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மாறியதை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? (கைகள் உயர்ந்தன.) பார்த்தீர்களா, பின்கோடை வைத்தே குணத்தைச் சொல்லிவிடுகிறார்கள்.

பழக்கம்தான் என்று வாதாட கிரேக்கத்தில் ஒரு வக்கீல் இருக்கிறார். கி.மு. 384-இல் பிறந்த அரிஸ்டாட்டில். வீடு கட்டிக் கட்டித்தான் கொத்தனார் ஆகிறான், நியாயமாக நடந்து நடந்துதான் நியாயவான் ஆகிறான் என்றார். அவர் மொழியில் பழக்கம் என்றால் 'எதோஸ்', குணம் என்றால் 'ஏதோஸ்'. ஒரு குறில் நெடிலான தூரம்தான். நம் 'ஒழுக்கம்' கூட ஒழுகுவதிலிருந்து வந்ததுதான். ஒரு நாள் சொட்டுவதற்குப் பெயர் ஒழுகுவது இல்லையே.

என் கதைக்கு வருகிறேன். பன்னிரண்டு வயது. தெருமுனையில் கேரம் போர்டு, மேலே குண்டு பல்பு. அடிக்கக் குனிந்தபோது சட்டைக் கை பட்டு ஒரு கறுப்புக் காய் அரை அங்குலம் நகர்ந்து குழிக்கு வாகாக நின்றது. எதிராளி பவுடர் டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தான். நான் அடித்தேன், ஜெயித்தேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை என்றெல்லாம் கதை விட மாட்டேன், நன்றாகவே சாப்பிட்டேன். அடுத்த வாரம் வேண்டுமென்றே நகர்த்தினேன். இன்னும் சுலபமாக இருந்தது. அதுவும் கைப்பழக்கம்தான்.

அதே போர்டுக்கு ஓர் அண்ணன் வருவார், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். அவர் விரல் பட்டுக் காய் அசைந்தால், நாம் கவனிக்கும் முன்பே "பட்டுச்சு நைனா, நீ ஆடு" என்று ஸ்டிரைக்கரைத் தள்ளிவிடுவார். பெரிய தியாகம் செய்த முகமெல்லாம் கிடையாது. அவரை முதலில் இளிச்சவாயர் என்றுதான் நினைத்தோம். அப்புறம் அவர் எதிரில் உட்காரும்போது நாங்களும் சொல்ல ஆரம்பித்தோம், வயிறு எரிய எரிய. அந்த எரிச்சல் எப்போது நின்றது என்று எனக்கு ஞாபகம் இல்லை. அரிஸ்டாட்டில் இதைத்தான் அடையாளமாகச் சொல்கிறார்: நல்லதைச் செய்யும்போது வலிக்கிறதா, சந்தோஷமாக இருக்கிறதா என்று பார். வலிக்கிறது என்றால் இன்னும் பயிற்சியில்தான் இருக்கிறாய்.

பழக்கம் என்றதும் செக்குமாடு என்று நினைக்க வேண்டாம். காசிமேட்டுக்காரர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். புயல் கூண்டு ஏற்றியிருக்கும்போது படகை எடுக்கிறவனைத் தைரியசாலி என்பீர்களா? கிறுக்கன் என்பீர்கள். அலை கொஞ்சம் எழும்பினாலே கரையில் உட்காருகிறவனுக்கு வேறு பெயர். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதை அந்தந்த நாள் கடலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனவர்கள் படகைத் தெருவுக்குள் கொண்டுவந்தார்களே, எந்தச் சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு வந்தார்கள்?

மேற்கே, குணத்தையும் பழக்கத்தையும் வைத்து அறம் பேசும் இந்தச் சிந்தனை பின்னால் தள்ளப்பட்டுக் கிடந்தது. 1958-இல் எலிசபெத் ஆன்ஸ்கோம் என்ற தத்துவ அறிஞர் அம்மையார் ஒரு கட்டுரை எழுதி அதை மறுபடி பேச வைத்தார். அது பெரிய கதை, இன்னொரு நாள்.

நம் வக்கீலும் யோக்கியர் இல்லை. சிலர் இயற்கையிலேயே அடிமைகள் என்று எழுதியவர் அவர். பழக்கம் பழக்கம் என்று பேசிவிட்டு, அடிமை என்று வந்ததும் பிறவிக்குத் தாவிவிட்டார். ஔவையோடு போட்ட சண்டையை அவரோடும் போடத்தான் வேண்டும்.

கேள்வி நேரத்தில் முன்வரிசை அம்மா ஒருவர் எழுந்தார். "எங்க வீட்டுக்காரருக்கு அறுபத்தெட்டு வயசு. ஒரு டீ கூட யாருக்கும் வாங்கித் தர மாட்டாரு. இனிமே பழகுமா?"

"அரிஸ்டாட்டிலைக் கேட்டால் சின்ன வயசிலேயே பழக்கியிருக்கணும் என்பார்" என்றேன். "அவர் வந்திருக்கிறாரா?"

வந்திருந்தார். மூன்றாவது வரிசை. கூட்டம் முடிந்து எனக்கு டீ வாங்கித் தந்தவர் அவர்தான். மனைவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மனிதர் முகத்தில் வலி நன்றாகவே தெரிந்தது.