டர்போ பார்ட்ஸைச் சேர்ந்து வாங்கலாமா? உசிலம்பட்டித் தம்பியின் கேள்வி

அடுத்த கேள்வி உசிலம்பட்டியிலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. "அண்ணே, எங்கள் பக்கம் 12 பேரிடம் மாருதி 1.3 டீசல் இருக்கிறது. ஸ்விஃப்ட், டிசையர், ஒரு எர்டிகா. இன்டர்கூலரும் சிலிகான் ஹோஸும் வெளிநாட்டிலிருந்து மொத்தமாக எடுத்தால் விலை குறையுமா? பணத்தை யார் வாங்கி வைப்பது?" (புதியவர்களுக்கு: இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது டர்போ, அந்தக் காற்றைக் குளிர்விப்பது இன்டர்கூலர், இவற்றை இணைக்கும் குழாய்தான் ஹோஸ்.)

விலை குறையும் தம்பி. ஆனால் 12 பேர் என்கிறீர்களே, அதை முதலில் சரிபாருங்கள். நாங்கள் மதுரையில் இதே மாதிரி இறங்கியபோது வாட்ஸப்பில் "நானும் வர்றேன்" என்றவர்கள் 10 பேர். பணம் என்றதும் நின்றவர்கள் 6 பேர். 10 செட்டுக்குச் சொன்ன விலையை 6 செட்டுக்குத் தர முடியாது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். கூடிய விலையை அந்த ஆறு பேர்தான் போட்டோம். அதனால் அட்வான்ஸ் கொடுத்தவரை மட்டும் கணக்கில் வையுங்கள். பாதிப் பணம் முன்னால் வரட்டும். ஆர்டர் போன பிறகு ஒருவர் விலகினால், தன் இடத்துக்கு இன்னொருவரைக் கொண்டுவந்தால்தான் பணம் திரும்பும் என்று முதல் நாளே பேசிவிடுங்கள்.

பணத்தை ஒருவர் கையில் விடாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்கிற வங்கிக் கணக்கு நல்லது. உங்கள் ஊர் விசேஷ வீட்டில் மொய் எழுதுவார்களே, பெயர், ஊர், தொகை என்று, அதே மாதிரி ஒரு நோட்டுப் போடுங்கள். கூடவே ஒவ்வொருவரின் ஆர்சி நகலும் இருக்கட்டும்.

ஆர்சி எதற்கு என்றால், 1.3 டீசல் எல்லாமே ஃபியட்டிலிருந்து வந்த அதே மல்டிஜெட் இன்ஜின் குடும்பம்தான், ஆனால் டர்போ ஒன்றல்ல. ஸ்விஃப்ட், டிசையரில் 75 குதிரைத்திறன், சாதாரண டர்போ. எர்டிகா 1.3-இல் 90 குதிரைத்திறன், வேரியபிள் ஜியாமெட்ரி டர்போ, அதாவது உள்ளே இருக்கும் தகடுகள் தேவைக்கு ஏற்பத் திரும்பும் வகை. எங்கள் ஆறு செட்டில் ஒன்று இப்படித்தான் மாட்டவே இல்லை. பைப்பின் வாய் பொருந்தவில்லை, வளைவும் வேறு. உங்கள் எர்டிகாக்காரருக்குத் தனியாக அளவு எடுங்கள்.

அப்புறம் ஹோஸ். வெறும் சிலிகான் என்றால் வேண்டாம். டர்போவிலிருந்து வரும் காற்றோடு கொஞ்சம் ஆயில் ஆவி வரும், சிலிகான் அதை உறிஞ்சிக் கசிய விடும். வெளியே தொட்டாலே விரல் பிசுபிசுக்கும். உள்பக்கம் ஆயிலைத் தாங்கும் ஃப்ளூரோசிலிகான் பூச்சு உள்ளதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். ஹோஸை இறுக்கும் கிளாம்ப், போல்ட்-நட்டால் இறுக்கும் டி-போல்ட் வகையாக இருக்கட்டும். திருகு கிளாம்ப், டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தில் நழுவி ஹோஸ் கழன்ற வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

சுங்கவரி விஷயம். சரக்கு விலைக்கு மட்டும் வரி என்று நினைக்கிறார்கள். அனுப்பும் கூலி, காப்பீடு எல்லாம் சேர்த்த தொகைக்குத்தான் வரி. அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி, எல்லாவற்றையும் கூட்டிய பிறகு ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி. வாகன உதிரிப் பாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். இதையெல்லாம் போட்டுப் பார்த்துத் தலைக்கு எவ்வளவு என்று சொல்லுங்கள், இல்லையென்றால் பார்சல் வந்த பிறகு சண்டை வரும். 12 செட்டைச் சொந்த உபயோகம் என்று சொல்லவும் முடியாது. இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண் (ஐஇசி) வைத்திருக்கும் ஸ்பேர்ஸ் கடை மூலம் எடுங்கள். கமிஷன் போனாலும் பில் கையில் இருக்கும்.

இன்னொன்று. ஹோஸோடு நின்றால் சரி. பெரிய டர்போ, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்ட சைலன்சர் என்று போனால், வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வரும். ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இழப்பீட்டை மறுக்க இன்ஷூரன்ஸ்காரரும் அதைக் காரணம் காட்டுவார்.

பார்சல் வந்ததும் வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். எல்லோருக்கும் உடனே பங்கு போடாதீர்கள். ஒரு ஸ்விஃப்ட்டில் மட்டும் மாட்டி, நாலு பேரை ஏற்றி, ஏசி போட்டு, மத்தியான வெயிலில் ஆண்டிபட்டிக் கணவாய் ஏறி இறங்குங்கள். வந்ததும் பானட்டைத் திறந்து, சூடு தணிந்த பிறகு ஒவ்வொரு கிளாம்ப் ஓரத்தையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் கறை இல்லையென்றால் மற்ற பெட்டிகளைக் கொடுத்துவிடலாம்.