1 டிபி ரேம் சர்வர் பூட் ஆகும்போது ஏன் இப்படி நிற்கிறது?

வணக்கம் மக்களே. முதலில் இந்த சீரியல் கன்சோலைப் பாருங்கள், பூட் ஆகும்போது சர்வர் கேபிள் வழியாக அனுப்பும் வரிகள் இதில் வரும். ‘இனிட்மெம் செட்அப் நோட் 0’ என்று ஒரு வரி வந்திருக்கிறது. அடுத்த வரி வரவில்லை. சும்மா நிற்கிறது. ம்... வந்துவிட்டது, நோட் 1. பாருங்கள், மறுபடியும் நின்றுவிட்டது. இந்தத் தடவை இன்னும் கூடுதல் நேரம். இந்தக் கூடுதலை மறந்துவிடாதீர்கள், அப்புறம் வருகிறேன்.

இது இரண்டு சாக்கெட் சர்வர், அதாவது சிபியு செருகும் இடம் இரண்டு. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் 512 ஜிபி, மொத்தம் 1 டிபி ரேம். ஒரு சாக்கெட்டின் சிபியுவும் அதன் ரேமும் சேர்ந்ததுதான் ஒரு ‘நோட்’. லினக்ஸ் 4.14 கெர்னல் (சிஸ்டத்தின் மையப் புரோகிராம்), நானே கம்பைல் செய்தது. முதலில் ரேம்தான் பழுது என்று நினைத்து ராத்திரி முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டினேன். ஒரு பிழைகூட இல்லை, தூக்கம் போனதுதான் மிச்சம்.

சரி, டிமெசேஜ் (கெர்னல் நேரம் போட்டு எழுதும் லாக்) பார்த்தால் தெரியுமே என்று பார்த்தேன். அங்கேதான் ஏமாந்தேன். அந்த இடத்தில் எல்லா வரிக்கும் நேரம் 0.000000 என்றே இருந்தது. காரணம் இதுதான்: எக்ஸ்86-இல் (இன்டெல், ஏஎம்டி சிபியு வகை) அந்தக் காலத்துக் கெர்னல்களுக்கு, பூட்டின் தொடக்கத்தில் கடிகாரமே ஓடாது. 4.19-இல்தான் அதைச் சரிசெய்தார்கள். அதனால் எவ்வளவு நேரம் நின்றாலும் கணக்கில் வராது. கடைசியில் சீரியல் கேபிளை என் லேப்டாப்பில் செருகி, கிராப்சீரியல் போட்டு, வரும் ஒவ்வொரு வரிக்கும் லேப்டாப்பின் நேரத்தைக் குறித்தேன். அப்போதுதான் எங்கே நிற்கிறது என்று பிடிபட்டது.

இடையில் ஒன்று. சர்வரை ஆன் செய்ததும், கெர்னலின் முதல் வரியே வராமல் காத்திருப்போமே, அது ஃபர்ம்வேர் (கெர்னலுக்கு முன் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) ரேமைத் தயார் செய்யும் நேரம். அது வேறு கதை, கெர்னலைத் திட்டிப் பயனில்லை.

இப்போது கணக்கு. கெர்னல் ரேமை 4 கேபி பக்கங்களாகப் பார்க்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ‘ஸ்ட்ரக்ட் பேஜ்’ என்று ஒரு பதிவு, 64-பிட் எக்ஸ்86-இல் பொதுவாக 64 பைட். 1 டிபி என்றால் சுமார் 27 கோடி பக்கம். பதிவுகள் மட்டுமே 16 ஜிபி! அத்தனையையும் பூட்டின் தொடக்கத்தில் ஒரே ஒரு சிபியு உட்கார்ந்து எழுதுகிறது, மற்றவை இன்னும் எழுந்திருக்கவே இல்லை. அதுவும் நோட் 1-இன் பதிவுகள் அடுத்த சாக்கெட்டின் ரேமில் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போய் எழுதவேண்டும். அந்தக் கூடுதல் நேரம் இதனால்தான்.

கல்யாணப் பந்தி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மண்டபம் முழுக்க ஒரே ஆள் இலை போட்டு முடித்த பிறகுதான் மற்ற ஆட்களையே எழுப்புவேன் என்றால் எப்படி? முதல் வரிசைக்கு மட்டும் போடு, ஆட்கள் எழுந்து வரட்டும், வரிசைக்கு ஒருவராகப் போட்டு முடியுங்கள், அப்புறம் கதவைத் திற. 2015-இல் கெர்னல் டெவலப்பர் மெல் கோர்மன் கொடுத்த தீர்வு இதுதான், 4.2 கெர்னலில் சேர்ந்தது. தொடக்கத்துக்குத் தேவையான சிறு பகுதி மட்டும் முதலில் தயாராகும். எல்லா சிபியுக்களும் வந்தபின் நோடுக்கு ஒரு த்ரெட் (தனியாக ஓடும் வேலை), அந்தந்த நோடின் சிபியுவிலேயே ஓடி மீதியை முடிக்கும். யூசர்ஸ்பேஸ் (லாகின் உட்பட, கெர்னலுக்கு வெளியே ஓடும் புரோகிராம்கள்) தொடங்கும் முன் கெர்னல் இவை முடியக் காத்திருக்கும். அதனால், ‘பாதி ரேம் வராமலே லாகின் ஆகிவிடுமோ’ என்ற பயம் வேண்டாம்.

கான்ஃபிக்கில் இதன் பெயர் ‘டெஃபர்டு ஸ்ட்ரக்ட் பேஜ் இனிட்’. கம்பைல் செய்யும் முன் வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும் மெனுவான மெனுகான்ஃபிக்கில், மெமரி மேனேஜ்மென்ட் பகுதியில் இருக்கும். தானாக ஆன் ஆகாது, நாம்தான் டிக் போடவேண்டும். நான் போடவில்லை. அவ்வளவுதான் என் மூன்று நாள் கதை.

போட்டு மறுபடி கம்பைல் செய்ததைத்தான் இப்போது பூட் செய்கிறேன். நோட் 0, நோட் 1, நிற்கவே இல்லை பாருங்கள். கொஞ்சம் கீழே ‘நோட் 0 இனிஷியலைஸ்டு’ என்று மில்லிசெகண்ட் கணக்கோடு ஒரு வரி. நோட் 1-க்கும் அதேபோல். இரண்டும் ஒரே சமயத்தில் ஓடியவை, கூட்டிப் பார்க்காதீர்கள்.

ஆனால் ஒரு நோடில் எத்தனை கோர் இருந்தாலும் வேலை செய்வது ஒரு த்ரெட்தானே? 2020-இல் டேனியல் ஜோர்டன் என்ற கெர்னல் டெவலப்பர் அதையும் உடைத்தார். 5.8 முதல் எக்ஸ்86-இல் ஒரு நோடின் வேலையை அதன் பல சிபியுக்களும் பங்குபோட்டுக்கொள்ளும். முடிந்தால் நேராக 5.10-க்குப் போய்விடுங்கள் என்பேன், 0.000000 தொல்லையும் சேர்ந்து ஒழியும்.

8 ஜிபி லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதற்காகக் கெர்னலைக் கம்பைல் செய்ய வேண்டாம். உங்களுக்கு மொத்தப் பதிவே 128 எம்பிதான். அங்கே பூட் மெதுவாக இருந்தால் சிஸ்டம்டி-அனலைஸ் ஓட்டி, கெர்னலுக்கு எவ்வளவு, யூசர்ஸ்பேஸுக்கு எவ்வளவு என்று முதலில் பாருங்கள்.