அளந்து குறிக்க வேண்டிய சிறுநீர்

நேயர்களுக்கு வணக்கம். திடீர் சிறுநீரகச் செயலிழப்பு என்றதும் பெருநகர மருத்துவமனையும் டயாலிசிஸ் இயந்திரமுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால், வயிற்றுப்போக்கால் நீர் வற்றியவரும், வயலில் கண்ணாடி விரியன் கடித்தவரும், மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் கண்டவரும், பிரசவத்தில் மிகுதியாக இரத்தம் இழந்த தாயும் முதலில் வந்து சேர்வது சில கட்டில்களே உள்ள தாலுகா மருத்துவமனைக்குத்தான். அங்கே முதல் சில மணி நேரத்தில் செய்யப்படுவதும் விடப்படுவதும் பலருடைய சிறுநீரகத்தின் கதியைத் தீர்மானிக்கின்றன.

இரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பியிருந்தால் காலம் கடந்துவிடும். சிறுநீரகம் பழுதான பிறகு இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவுப்பொருள்) கண்ணுக்குத் தெரியும்படி உயர ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகலாம். 48 மணி நேரத்திற்குள் அது டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் கூடினாலே பாதிப்பு என்பது உலகளாவிய வரையறை; நேற்று 0.8, இன்று 1.1 என்றால் ஆய்வகச் சீட்டில் இரண்டுமே இயல்பு என்றுதான் அச்சாகியிருக்கும். முந்தைய சீட்டை அருகில் வைத்துப் பார்ப்பவருக்கு மட்டுமே உண்மை புலப்படும்.

பல நோயாளிகளிடம் அதற்கும் முன்னதாகவே குறைவது சிறுநீர். 60 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 30 மில்லிலிட்டருக்குக் குறைவாக ஆறு மணி நேரம் தொடர்ந்து கழித்தால் அதுவே எச்சரிக்கை. இதை அறிய அளவுக்கோடு போட்ட ஒரு குவளையும், கட்டிலில் தொங்கும் ஒரு தாளும் போதும். ஆயினும் அளக்காமலேயே கொட்டிவிடும் வழக்கம் நம் வார்டுகளில் இன்னும் இருப்பது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. இரவுப் பணியில் ஒரே செவிலியர் இருக்கும் இடங்களில், உடனிருக்கும் உறவினருக்கே அளக்கக் கற்றுக்கொடுக்கலாம்.

பாம்புக்கடியில் இன்னொரு எளிய சோதனை உண்டு. இரண்டு மில்லிலிட்டர் இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் நஞ்சுமுறி மருந்தை உடனே தொடங்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயோ, சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயோ இதற்கு உதவாது; உறையும் இரத்தத்தைக்கூட அவை உறையாததுபோல் காட்டிவிடும்.

நீர் வற்றிய உடலுக்கு டைக்ளோஃபெனாக் போன்ற வலி ஊசி போடுவது தீங்கானது. மேல்வலி தாங்காமல் நோயாளியே கேட்டாலும் மறுக்கத்தான் வேண்டும். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் இருக்கிறது. நீர் வற்றலைச் சரிசெய்த பின்னும் சிறுநீர் இறங்காதவருக்குப் பாட்டில் பாட்டிலாக டிரிப்ஸ் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

மூச்சுத்திணறல் வந்தாலோ, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினாலோ, சிறுநீர் அறவே நின்றாலோ டயாலிசிஸ் வசதியுள்ள இடத்துக்கு அனுப்பத் தயங்கக் கூடாது. 108 வண்டியில் ஏற்றும்போது, மணிவாரியான சிறுநீர் அளவு, கொடுத்த மருந்துகள், ஏற்றிய நீரின் அளவு, முதல் நாள் கிரியாட்டினின் ஆகிய நான்கும் எழுதிய தாள் நோயாளியோடு போக வேண்டும். அந்தத் தாள் இருந்தால், அங்கே அவரை ஏற்கும் மருத்துவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து விசாரித்துக்கொண்டிராமல் சிகிச்சையைத் தொடரலாம்.