மணலியில் ஈரான், காட்டுப்பள்ளியில் அமெரிக்கா: வடசென்னை வழியே உலக அரசியல்

[திரையில்: வரைபடம். ராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர், காட்டுப்பள்ளி என்று கடலோரமாக வடக்கே நகர்கிறது]

2022 ஆகஸ்ட் 7. எண்ணூரைத் தாண்டி, காட்டுப்பள்ளியில் இருக்கும் எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளத்துக்கு ஒரு கப்பல் வந்தது. பெயர் சார்லஸ் ட்ரூ. அமெரிக்கக் கடற்படைக்குச் சரக்கு சுமக்கிற கப்பல். அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று ரிப்பேருக்காக இந்தியா வந்தது அதுதான் முதல் முறை.

அதே மாதம் 16ஆம் தேதி, சீனாவின் யுவான் வாங் 5 இலங்கையின் அம்பாந்தோட்டைக்கு வந்தது. செயற்கைக்கோள்களையும் ஏவுகணைகளையும் கண்காணிக்கும் வசதி கொண்ட கப்பல். இந்தியா கவலை தெரிவித்தது. இலங்கை முதலில் வருகையைத் தள்ளிப்போடச் சொன்னது, அப்புறம் அனுமதித்தது. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தையே 2017இல் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட நாடு, கடனில் மூழ்கிக் கிடந்த நேரத்தில் வேறென்ன செய்யும்?

இந்தியாவுக்கு அந்த அளவு நெருக்கடி இல்லை. ஆனால் நாம் சுதந்திரமாக முடிவெடுக்கிறோம் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அது எவ்வளவு தூரம் உண்மை? பதில் தேட டெல்லிக்குப் போக வேண்டாம், மணலி போதும்.

[திரையில்: மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகள். பழைய பெயர்: மெட்ராஸ் ரிஃபைனரீஸ்]

இன்று சிபிசிஎல் (சென்னை பெட்ரோலியம்) என்று நாம் சொல்லும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கான நிறுவனம் 1965இல் உருவானது. பங்குதாரர்கள் மூன்று பேர்: இந்திய அரசு, அமெரிக்க எண்ணெய் நிறுவனம் அமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம். ஆமாம், அமெரிக்காவும் ஈரானும் மணலியில் கூட்டாளிகள்! அப்போது ஈரானை ஆண்டவர் மன்னர் ஷா, அமெரிக்காவுக்கு வேண்டியவர். ஷாவை வீழ்த்திய 1979 புரட்சி எல்லாவற்றையும் மாற்றியது, நண்பர்கள் எதிரிகளானார்கள். 1985இல் அமோகோ தன் பங்கை விட்டு வெளியேறியது. ஈரானின் பங்கு மட்டும் நின்றது, சுமார் 15 சதவீதம்.

ஆனால் பங்கு இருந்து என்ன? 2019 மே மாதம், ஈரான் எண்ணெய் மீதான தடையிலிருந்து இந்தியாவுக்குத் தந்திருந்த விலக்கை அமெரிக்கா முடித்துக்கொண்டது. இந்தியா ஈரான் எண்ணெய் வாங்குவதை நிறுத்தியது. அதுவரை நமக்கு அதிகமாக எண்ணெய் விற்ற நாடுகளில் ஒன்று ஈரான்.

மூன்று வருடம் கழித்து ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. இந்த முறை இந்தியா வளையவில்லை. நம் இறக்குமதியில் 2 சதவீதம்கூட இல்லாத ரஷ்யக் கச்சா எண்ணெய், 2023இல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. இதைத் துணிச்சல் என்று பலர் கொண்டாடினார்கள். என் கணக்கில் அது பாதிதான் உண்மை. ரஷ்ய எண்ணெய் சந்தைக்கு வராமல் போனால் உலகம் முழுக்க விலை எகிறும் என்று மேற்கத்திய நாடுகளே பயந்தன. அதனால்தான் 2022 டிசம்பரில் ஜி7 நாடுகள் பீப்பாய்க்கு 60 டாலர் என்று உச்சவரம்பு வைத்தன. எண்ணெய் ஓடட்டும், மாஸ்கோவுக்குப் போகும் காசு குறையட்டும் என்பதே திட்டம். ஈரான் விஷயத்தில் பூட்டியிருந்த கதவு, இங்கே பாதி திறந்திருந்தது.

மறுபாதிக் காரணம், ஆயுதம். 2020 கல்வான் மோதலுக்குப் பிறகு சீனாவை நினைத்து அமெரிக்காவை நெருங்க வேண்டிய கட்டாயம். ஆனால் ஆவடியில் தயாராகும் டி-90 டாங்கியே ரஷ்ய வடிவமைப்பு. உதிரிபாகம் தருபவரோடு சண்டை போட முடியுமா? ஸ்வீடனின் சிப்ரி ஆய்வு நிறுவனக் கணக்குப்படி, நம் ஆயுத இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 2010–14இல் 72 சதவீதம், 2020–24இல் 36. பாதியாகக் குறைக்கவே பத்து வருடம் பிடித்திருக்கிறது.

[திரையில்: உலக வரைபடம்]

எல்லா நாடும் இப்படி இரு பக்கமும் இழுத்துப் பிடிப்பதில்லை. ரஷ்யாவோடு சுமார் 1,340 கிலோமீட்டர் எல்லை உள்ள பின்லாந்து, பல பத்தாண்டுகளாக எந்த ராணுவக் கூட்டணியிலும் சேராமல் இருந்துவிட்டு, 2023இல் நேட்டோவில் சேர்ந்தது. வியட்நாம் நேர் எதிர்: 2023 செப்டம்பரில் பைடன், டிசம்பரில் ஷி ஜின்பிங், 2024 ஜூனில் புதின். மூவருக்கும் ஹனோயில் சிவப்புக் கம்பளம்.

இந்த மாதிரி எல்லோரோடும் பழகுவதற்கு ஒரு விலை உண்டு. 2025 ஆகஸ்டில், ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா கூடுதலாக 25 சதவீத வரி போட்டது. மொத்தம் 50. எண்ணெய் வாங்கியது சுத்திகரிப்பு ஆலைகள், அடி விழுந்தது திருப்பூர் பின்னலாடைக்கும் ஆம்பூர் தோலுக்கும். அக்டோபரில் ரோஸ்நெஃப்ட், லுக்காயில் என்ற ரஷ்ய எண்ணெய் நிறுவனங்கள் மீதே அமெரிக்கத் தடை வந்தது. இந்திய ஆலைகள் மறுபடி வேறு இடங்களில் விலை விசாரிக்கத் தொடங்கின.

ஆனாலும் டிசம்பரில் புதின் டெல்லி வந்தார். கூட்டறிக்கையில் நம்ம ஊர் பெயரும் இருந்தது: சென்னையையும் ரஷ்யாவின் கிழக்குக் கடலோரத் துறைமுகத்தையும் இணைக்கும் சென்னை–விளாதிவோஸ்தோக் கடல்வழி. 2019இல் பேசத் தொடங்கிய திட்டம், சுமார் 5,600 கடல் மைல். அந்த வழியில் வரவேண்டிய முக்கியச் சரக்குகளில் ஒன்று கச்சா எண்ணெய். அதைக் கழித்துவிட்டால் நிலக்கரியும் உரமும் மிஞ்சும். அதற்கு மட்டும் அந்த வழி கட்டுப்படியாகுமா என்பதைக் கப்பல் நிறுவனங்கள்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.