இரும்பை அளக்கும் சில மில்லிநொடிகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நேயர்களுக்கு என் வணக்கம்.

அரூரை அடுத்த மலைக் கிராமங்களில் தலசீமியா என்னும், அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டிய பரம்பரை இரத்தச் சோகை உள்ள குழந்தைகளை வளர்க்கும் பெற்றோர் சிலரேனும் இந்த உரையைக் கேட்கக்கூடும் என்பதால், எம்.ஆர்.ஐ. இயற்பியலில் பணியாற்றும் நான் அவர்களை மனத்தில் வைத்தே பேசுகிறேன். ஏற்றப்படும் ஒவ்வொரு பை இரத்தத்துடனும் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு உடலில் சேர்கிறது. அவ்வளவு இரும்பைத் தானாக வெளியேற்ற உடலுக்கு வழியில்லாததால் அது கல்லீரலிலும் இதயத்திலும் படிகிறது. படிந்தது எவ்வளவு என்று தெரிந்தால்தான் இரும்பை நீக்கும் மருந்தின் அளவை மருத்துவரால் சரியாக முடிவு செய்ய முடியும். இரத்தத்தில் பார்க்கும் ஃபெரிட்டின் என்ற இரும்புச் சேமிப்புப் புரதமோ சாதாரணத் தொற்று வந்தாலும் கூடிவிடும் என்பதால், அதை மட்டும் நம்ப முடியாது.

எம்.ஆர்.ஐ. கருவியில், இரும்பு மிகுந்த உறுப்பின் சமிக்ஞை விரைவாக மங்கும். அது மங்க எடுக்கும் காலத்தை டி2 ஸ்டார் என்கிறோம். 1.5 டெஸ்லா காந்த வலிமை கொண்ட கருவியில் இதயத்தின் டி2 ஸ்டார் 20 மில்லிநொடிக்குக் கீழே இருந்தால் இரும்பு படிந்திருக்கிறது என்று 2001-இல் வெளிவந்த லண்டன் ஆய்வுக்குப் பின் கொள்கிறார்கள்; 10-க்கும் கீழே போனால் இதயம் செயலிழக்கும் ஆபத்து மிகுதி.

ஓட்டைக் குடத்தில் நீர் எவ்வளவு விரைவாக வடிகிறது என்று அறிய, எப்போது எட்டிப் பார்ப்பது? ஊற்றிய மறுகணமே பார்த்தால் மட்டம் இறங்கியதே தெரியாது. நெடுநேரம் கழித்துப் பார்த்தால் அடியில் வண்டல்தான் இருக்கும். அதையும் நீரென்று கணக்கில் சேர்த்தால் ஓட்டை சிறியது என்று ஏமாந்துபோவோம். குடத்து நீர்தான் சமிக்ஞை; அது மங்கிய பின்னும் பதிவில் எஞ்சும் இரைச்சல், அதாவது காதில் கேட்கும் ஒலியல்ல, சமிக்ஞையோடு கலக்கும் தாறுமாறான அளவு, இந்த வண்டலைப் போன்றது. மிகுந்த இரும்பைக் குறைவாகக் காட்டிவிடும் இந்தப் பிழைக்கே நான் மிகவும் அஞ்சுகிறேன், ஏனெனில் அதை நம்பி மருந்தைக் குறைத்துவிடக்கூடும்.

சமிக்ஞையை இரண்டே முறைதான் பார்க்கலாம் என்றால், முதல் முறைக்குப் பின் டி2 ஸ்டாரைப் போல் ஏறத்தாழ 1.1 மடங்கு நேரம் கழித்து மறுமுறை பார்ப்பதே சிறந்தது என்று கணிதம் காட்டுகிறது. ஆனால் நாம் தேடுவதே அந்தக் காலத்தைத்தான். நலமான கல்லீரலில் அது 20 மில்லிநொடிக்கு மேல் இருக்கும்; இரும்பு நிறைந்த கல்லீரலிலோ 1 அல்லது 2 மில்லிநொடியிலேயே சமிக்ஞை பெரும்பாலும் வடிந்துவிடும். ஆகவே, இதயத்துக்குப் பொருந்தும்படி 2 முதல் 18 மில்லிநொடி வரை எட்டு முறை பதிவு செய்யும் வரிசை, அத்தகைய கல்லீரலுக்குப் பயன்படாது. அதற்கு முதல் பதிவு 1 மில்லிநொடியை ஒட்டித் தொடங்கி, அடுத்தவை நெருக்கமாக வர வேண்டும். 3 டெஸ்லா கருவியில் சமிக்ஞை ஏறக்குறைய இரு மடங்கு விரைவாக மங்குவதால், இரும்பு மிகுந்தவர்களுக்கு 1.5 டெஸ்லாவையே நான் விரும்புவேன்.

பரிசோதனைக்குச் செல்லும்போது, இதுவரை எத்தனை முறை இரத்தம் ஏற்றப்பட்டது என்பதையும் பழைய அறிக்கையையும் படம் எடுப்பவரிடம் கொடுங்கள். அதைக் கொண்டே அவர் பதிவு நேரங்களை மாற்றி அமைக்க முடியும். ஓர் உறுப்பின் பதிவுகள் அனைத்தும் ஒரே மூச்சடக்கலில் முடிய வேண்டியவை என்பதால், ஒரு வாரம் முன்பிருந்தே பத்துப் பதினைந்து நொடி மூச்சை அடக்கிப் படுத்திருக்கக் குழந்தையைப் பழக்குங்கள். நீங்களும் பக்கத்தில் படுத்து உடன் எண்ணுங்கள்.